பிறிங்கிள் ஐயரின் பூட்டப்பிள்ளை

ஓட்டோ வந்து நின்ற நேரம்தான் பிழை.

இரண்டு மணிக்கு வருவதாக எழுதியிருந்த வெள்ளைக்காரர் பதினொன்றரைக்கே வந்து இறங்கிவிட்டார். எட்வேர்ட் மாஸ்ரர் வாசல் படலையடியில் நின்றது நல்லதாய்ப் போயிற்று. ஆனால் எதிர்வீட்டு நீக்கிலாப்பிள்ளையும் தன் படலையடியில் நின்றார்.

"ஆர் மாஸ்ரர் உவர்?"

கேள்வி சின்னதுதான். உண்மையைச் சொன்னால் ஊரில் தலைகாட்ட முடியாது.

வட்டுக்கோட்டைக்குப் பக்கத்தில் இருக்கும் பிறிங்கிள் ஒழுங்கை என்ற சின்னத் தெருவின் சனசமூக நிலையத்துக்கு மாஸ்ரர் பதினொரு வருடமாகத் தலைவர். நீக்கிலாப்பிள்ளை செயலாளர். வேறு ஏதோ ஊரில் வீட்டு அறை எடுத்துத் தங்கியவர்கள் பாட்டுப் போட்டுக் கூத்தடித்த கதை காதில் விழ, மாஸ்ரர் பொதுக்கூட்டத்தில் எழும்பி ஒரு தீர்மானம் கொண்டுவந்தார். இந்த ஒழுங்கையில் எந்த வீட்டிலும் அந்நியருக்குக் காசுக்கு அறை கொடுக்கக் கூடாது.

"வீட்டுக்கு வந்தவரிட்டைக் காசு வாங்கிறவன், நாளைக்குப் பெத்த தாய்க்கும் சோத்துக்குப் பில் போடுவான்!" என்று அவர் முழங்க, நீக்கிலாப்பிள்ளை மேசையில் ஓங்கித் தட்டி வழிமொழிந்தார். தீர்மானம் இன்றைக்கும் மாஸ்ரரின் முத்து முத்தான கையெழுத்தில் வாசிகசாலைப் பலகையில் தொங்குகிறது.

அது மார்ச் மாதம். ஏப்ரலில் லண்டனில் இருந்து மகள் ஹன்னா தொலைபேசி எடுத்தாள்.

"அப்பா, மேல்மாடி அறையை வாடகைக்கு எண்டு இணையத்திலை போட்டிட்டன். அம்மா உங்கள் ஒருத்தருக்கு மட்டும் சமைச்சுச் சமைச்சுச் சலிச்சுப் போனா. முதல் ஆள் புக் பண்ணியாச்சு. இனி ரத்துச் செய்யேலாது."

மாஸ்ரர் குதியோ குதியென்று குதித்தார். மனைவி பியாட்றிஸ் அன்றைக்கே புட்டுக்கு மா வறுக்கத் தொடங்கிவிட்டாள். ஒரு குதிப்பு எத்தனை நிமிடம் நிற்கும்? வறுத்த மா போத்தலில் நிறைந்து நின்றது.

இப்போது அந்த முதல் ஆள் ஆறேகால் அடி உயரத்தில், முதுகில் ஒரு பொதியுடன், சிரித்துக்கொண்டு நிற்கிறார். நீக்கிலாப்பிள்ளை மறுமொழிக்குக் காத்து நிற்கிறார்.

"உவர்..." மாஸ்ரரின் கண் அங்குமிங்கும் ஓடி, ஒழுங்கை முகப்பில் இருந்த கிணற்றில் போய் விழுந்தது. நூற்றுப்பத்து வருடத்துக்கு முன்னர் அமெரிக்க மிசனில் இருந்து வந்த பிறிங்கிள் ஐயர் வெட்டுவித்த கிணறு. "உவர் பிறிங்கிள் ஐயரின்ரை பூட்டப்பிள்ளை."

சொல்லி முடித்த பிறகுதான் தான் சொன்னது என்னவென்று மாஸ்ரருக்கே விளங்கியது.

"எங்கடை கிணத்துப் பிறிங்கிள் ஐயரின்ரை பேரன்ரை மோனோ!"

"ஓம். விருந்தாளியா வந்திருக்கிறார். சும்மா விருந்தாளியா."

விருந்தாளி என்பது நீக்கிலாப்பிள்ளைக்குப் புதிதல்ல. மாதம் நாலு பேர் என்று பாரிஸ், மொன்றியல், மெல்பேண் என எங்கிருந்தெல்லாமோ அவருக்குச் சொந்தக்காரர் வந்து இறங்குவார்கள். அவர் மனைவி பெர்னடெட்டின் கொடியில் எந்த நாளும் வெள்ளைக் குளியல் துவாய்கள் வரிசையாகக் காயும். ஹன்னாவும் மகன் றோகானும் எட்டிப் பார்த்து மூன்று வருடமாகிவிட்ட வீட்டில் இருந்து அந்தத் துவாய்களைப் பார்க்கும்போது மாஸ்ரருக்கு நெஞ்சுக்குள் என்னவோ செய்யும். சொந்தத்தைக் கட்டிக்காக்கத் தெரிந்த மனுசன் என்று பெருமூச்சு விடுவார்.

அன்றைக்கும் நீக்கிலாப்பிள்ளையின் பின்னால் மொன்றியலில் இருந்து வந்த பெறாமகன் நிர்மலன் துவாயும் தோளுமாக வந்து நின்றான்.

"சித்தப்பா, சுடுதண்ணி இண்டைக்கும் வரேல்லை சித்தப்பா."

"வாறன் மோனே, போ உள்ளை."

ஒரு வசனத்துக்கு இரண்டு சித்தப்பா! கனடாவில் வளர்ந்த பிள்ளைக்கு என்ன மரியாதை என்று அந்த நெருக்கடியிலும் மாஸ்ரர் வியந்தார்.

வெள்ளைக்காரரின் பெயர் லார்ஸ். ஊர் டென்மார்க். தொழில், வீடுகளுக்குத் தண்ணீர்க் குழாய் பொருத்துவது. நாலு நாள் ஓய்வெடுத்துவிட்டுப் போக வந்தவர். அவர் மாடிக்கு ஏறியதும் பியாட்றிஸ் கணவனைக் குசினிக்குள் இழுத்தாள்.

"இஞ்சாருங்கோ, என்ன விசர்க்கதை சொல்லி வைச்சிருக்கிறியள்? பிறிங்கிள் ஐயர் அமெரிக்கன். இந்தாள் டென்மார்க்!"

"தாய்வழி எண்டு சொல்லுவம்."

"அந்தாளுக்கு என்ன சொல்லுவம்?"

"ஒண்டும் சொல்ல வேண்டாம். நாலு நாள்தானே. நீர் புட்டை அவியும்."

நாலு நாள் போவது இருக்கட்டும், நாலு மணி ஆவதற்குள் முற்றம் நிறைந்துவிட்டது. செவ்விளநீர்க் குலையோடு ஒருவர், கோழியோடு ஒருவர், தன் பாட்டனுக்குப் பிறிங்கிள் ஐயர் ஞானஸ்நானம் கொடுத்த படத்தோடு ஒருவர். பியாட்றிஸுக்குக் காலும் தெரியவில்லை, நிலமும் தெரியவில்லை. கலியாணத்துக்கு வந்த பீங்கான் கோப்பைகள் முப்பத்தெட்டு வருடம் கழித்து அலுமாரியை விட்டு வெளியே வந்தன.

"எல்லா விருந்தாளிகளையும் இப்படித்தான் வரவேற்பீர்களா?" என்று லார்ஸ் ஆங்கிலத்தில் கேட்டார்.

"யாழ்ப்பாணத்து வழக்கம்" என்றார் மாஸ்ரர். அதில் முக்கால்வாசி உண்மைதான்.

கடைசியாக வந்தவர் கந்தப்பு. எண்பத்தாறு வயது. கையில் நீளமாக எதையோ பழைய சாரத் துணியில் சுற்றிக் கொண்டுவந்தார். அவிழ்த்தால், ஒரு குடை. பிடி இருந்தது, கம்பி இருந்தது, துணி மட்டும் இல்லை.

"எங்கடை அப்பு ஒரு மழைக்குப் பிறிங்கிள் ஐயரிட்டை இரவல் வாங்கினது. திருப்பிக் குடுக்க முதல் ஐயர் கப்பலேறிட்டார். சாகேக்கையும் அந்த மனுசன் குடை, குடை எண்டுதான் முனகினவர். இந்தாங்கோ ராசா." கிழவருக்குக் கண் கலங்கிவிட்டது. "இனி நான் நிம்மதியாச் சாவன்."

லார்ஸ் இரண்டு கையாலும் வாங்கினார். "இது எதற்கு?" என்று மாஸ்ரரிடம் மெல்லக் கேட்டார்.

"வெயிலுக்கு" என்றார் மாஸ்ரர். அந்த நேரத்தில் அவ்வளவுதான் வாயில் வந்தது.

நல்ல மனுசன். மறுநாள் காலை அந்த வெறுங்கம்பிக் குடையை விரித்துப் பிடித்துக்கொண்டு ஒழுங்கையில் மேலும் கீழும் நடந்தார். கந்தப்பு தன் வாசலில் நின்று அழுதார். மாஸ்ரர் சன்னலுக்குள்ளால் பார்த்துவிட்டுக் காலைத் தேத்தண்ணீரைக் குடிக்க முடியாமல் வைத்துவிட்டார். பொய் சொன்னது நீக்கிலாப்பிள்ளையிடம். அது போய்த் தைத்தது அந்தக் கிழவரில். அதை நினைக்க நினைக்க அவருக்கு வெட்கமாக இருந்தது.

அதற்குள் போதகர் வந்துவிட்டார். ஞாயிறு ஆராதனையில் பூட்டப்பிள்ளை ஐந்து நிமிடம் பேச வேண்டுமாம்.

"அவர் கூச்ச சுபாவம், ஐயா."

"ஐஞ்சு நிமிசம்தானே மாஸ்ரர். நீங்கள் பக்கத்திலை நிண்டு மொழிபெயருங்கோ."

லார்ஸிடம், "உங்கள் தொழிலைப் பற்றி ஊர்ச்சனம் அறிய விரும்புகிறது" என்று சொல்லிப் பிரசங்க பீடத்தில் ஏற்றினார் மாஸ்ரர். லார்ஸும் உற்சாகமாகத் தொடங்கினார்.

"தண்ணீர் வராவிட்டால் ஆட்கள் வீதியைத் தோண்டச் சொல்வார்கள். என் முப்பது வருட அனுபவத்தில், அடைப்பு பெரும்பாலும் வீட்டுக்குள்தான் இருக்கும்."

மாஸ்ரர் தொண்டையைச் செருமினார். "பிரியமானவர்களே, ஜீவதண்ணீர் வரவில்லை என்று அயலானைக் குற்றம் சாட்டாதேயுங்கள். அடைப்பு உங்கள் வீட்டுக்குள்ளேயே இருக்கிறது."

சபை அசந்துபோனது. முன்வரிசையில் யாரோ மூக்கை உறிஞ்சினார்கள்.

"முக்கியமாக, சமையலறைத் தொட்டியில் எண்ணெய் ஊற்றாதீர்கள். கொழுப்பு உறைந்துவிடும்."

"உங்கள் கொழுப்பை இன்றே விட்டுவிடுங்கள்!"

"வெட்கப்பட்டுக்கொண்டு மூடி வைத்தால் நாற்றம்தான் கூடும். திறந்துவிட்டால் பத்து நிமிட வேலை."

இதை மாஸ்ரர் மொழிபெயர்க்கத் தொடங்கினார். "வெட்கப்பட்டு மூடி வைத்தால்..." அதற்கு மேல் குரல் வரவில்லை. மாஸ்ரரே உருகிவிட்டார் என்று சபை முழுதும் அழுதது. இப்படியொரு பிரசங்கம் பிறிங்கிள் ஐயருக்குப் பிறகு இல்லை என்று வாசலில் பேசிக்கொண்டார்கள். பிறிங்கிள் ஐயரின் பிரசங்கத்தைக் கேட்டவர் ஒருவரும் உயிரோடு இல்லை என்பது வேறு விஷயம்.

திங்கட்கிழமை இன்னும் மோசம். பிறிங்கிள் கிணற்றின் தண்ணீர் மோட்டர் எட்டு மாதமாகப் பழுதாகிக் கிடந்தது. அந்தப் பக்கம் போன லார்ஸ், அதைப் பார்த்துப் பொறுக்காமல், சட்டையைக் கழற்றிவிட்டுக் குந்திவிட்டார். ஒன்றரை மணித்தியாலத்தில் தண்ணீர் பீய்ச்சி அடித்தது. பிள்ளைகள் அதற்குள் நின்று துள்ளினார்கள்.

"பாத்தியளே, இரத்தம் கதைக்குது!" என்று நீக்கிலாப்பிள்ளை சத்தம் போட்டார். "மாஸ்ரர், நாளைப் பின்னேரம் கிணத்தடியிலை கூட்டம். பொன்னாடை போர்த்துறம். நினைவுக்கல்லும் வைக்கிறம்."

"கல்லோ?"

"பிறிங்கிள் ஐயரின்ரை பூட்டப்பிள்ளையால் மீளத் திறந்து வைக்கப்பட்டது எண்டு."

"கல்லிலை வேண்டாம் நீக்கிலாப்பிள்ளை. ஒரு மட்டையிலை எழுதுவம்."

"என்ன கதை கதைக்கிறியள்? வெட்டக் குடுத்தாச்சு. பேப்பர்காரரும் வருவினம். நீங்கள்தான் தலைமை."

வீட்டுக்கு வந்த மாஸ்ரர் சாய்மனைக் கதிரையில் விழுந்தார்.

"வாயாலை சொன்ன பொய் காத்தோடை போகும். கல்லிலை வெட்டினா நான் செத்தாலும் நிக்கும், பியாட்றிஸ்."

"அப்ப சொல்லிப் போடுங்கோ."

"சொன்னா இனி நான் படலை தாண்டேலாது."

"தாண்டாதேங்கோ. எனக்கு வீட்டிலை ஆள் இருக்கும்."

அவள் சிரிக்கவில்லை என்பதைக் கண்டு மாஸ்ரர்தான் சிரித்தார். பிறகு தாள் எடுத்துத் தலைவர் பதவியில் இருந்து விலகும் கடிதத்தை எழுதினார். தீர்மானம் எழுதிய அதே பேனை.

செவ்வாய்ப் பின்னேரம் கிணற்றடியில் ஒழுங்கை முழுதும் கூடியது. நினைவுக்கல் ஒரு மஞ்சள் துணியால் மூடி நின்றது. நடுவில் லார்ஸ், கையில் கம்பிக் குடை. ஒரு பக்கம் நீக்கிலாப்பிள்ளை, அவருக்குப் பக்கத்தில் நிர்மலன். மாஸ்ரர் ஒலிவாங்கியைப் பிடித்தார்.

"இந்தக் கல்லைத் திறக்க முதல் ஒரு அடைப்பைத் திறக்க வேணும்" என்றார். "இவர் பிறிங்கிள் ஐயரின்ரை ஆள் இல்லை. டென்மார்க்கிலை இருந்து வந்த குழாய் வேலைக்காரர். என்ரை வீட்டு மேல்மாடியிலை காசு குடுத்துத் தங்கியிருக்கிறார். நான் எழுதின தீர்மானத்தை நானே மிதிச்சுப் போட்டுப் பயத்திலை பொய் சொன்னனான். கந்தப்பு அண்ணை, முதல்லை நீங்கள்தான் என்னை மன்னிக்க வேணும். இது என்ரை விலகல் கடிதம்."

நன்றியுரை முடிந்ததாக நினைத்து லார்ஸ் மட்டும் கை தட்டினார்.

கந்தப்பு தடியை ஊன்றி எழும்பினார். "அப்ப என்ரை குடை?"

"திருப்பி வாங்கித் தாறன் அண்ணை."

கிழவர் லார்ஸைப் பார்த்தார், கிணற்றைப் பார்த்தார், தண்ணீரில் நனைந்து நின்ற பிள்ளைகளைப் பார்த்தார். "வேண்டாம். இந்தக் கிணத்திலை தண்ணி வரப்பண்ணின வெள்ளைக்காரனுக்குத்தானே குடுத்தனான். கணக்குச் சரி." அவர் திருப்தியாக உட்கார்ந்தார்.

சனம் சிரித்தது. ஆனால் மாஸ்ரரின் கண் நீக்கிலாப்பிள்ளையில் இருந்தது. மேசையில் தட்டி வழிமொழிந்தவர் அவர். முகம் வெளிறி, மாஸ்ரரைவிட அதிகமாக வியர்த்துப்போய் நின்றார். இப்போது கிழித்துத் தோரணம் கட்டப்போகிறார் என்று மாஸ்ரர் தலையைக் குனிந்தார்.

நீக்கிலாப்பிள்ளை ஒலிவாங்கியைப் பறித்தார். "மாஸ்ரர், உதென்ன பெரிய குற்றமே! ஒருத்தரும் இதைத் தோண்டித் துருவ வேண்டாம். விவாதமும் வேண்டாம். அந்தத் தீர்மானத்தை இப்பவே, இந்த நிமிசமே நீக்கிறம். எதிர்க்கிற ஆக்கள் உண்டோ? இல்லை. முடிஞ்சுது!" என்றவர், விலகல் கடிதத்தை வாங்கி நாலாகக் கிழித்துச் சட்டைப் பையில் போட்டார்.

மாஸ்ரருக்குக் கண்ணீர் பொத்துக்கொண்டு வந்தது. இப்படிப் பெருந்தன்மை உள்ள ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டா நாலு நாளாகப் பயந்து செத்தேன்! நீக்கிலாப்பிள்ளையைக் கட்டிப் பிடித்தார். பியாட்றிஸ் கூட்டம் முழுவதற்கும் புட்டென்று அறிவித்தாள். பொன்னாடை லார்ஸின் தோளில் ஏறியது. நினைவுக்கல்லில் வெட்டிய எழுத்தை என்ன செய்வது என்பது அடுத்த கூட்டத்துக்குத் தள்ளப்பட்டது.

சனத்தை விலக்கிக்கொண்டு நிர்மலன் மாஸ்ரரிடம் வந்தான். முகத்தில் அப்படியொரு நிம்மதி.

"அங்கிள், உங்கடை மேல்மாடி அறை எப்ப வெறுமையாகும்? உந்த நீக்கிலாப்பிள்ளை ஐயாவைச் சித்தப்பா எண்டு கூப்பிட்டாப் பத்து வீதம் விலைக்கழிவு எண்டுதான் எனக்கு அறை தந்தவர். இண்டைக்கு வரைக்கும் சுடுதண்ணியும் வரேல்லை, கழிவும் வரேல்லை."