நீல ரின்னைத் திருப்பி அனுப்பவேண்டாம்

பண்டத்தரிப்பு,
ஞாயிற்றுக்கிழமை.

அன்பும் மதிப்பும் நிறைந்த அண்ணைக்கு,

தம்பி நாகலிங்கம் வணக்கத்துடன் எழுதுவது. பிள்ளையார் புண்ணியத்தில் நானும் கமலாவதியும் சுகம். மகள் தனுஷா தானும் சுகமென்றுதான் சொல்லுவாள், நம்பவேண்டாம். ஆடு மிகவும் சுகம். நீங்களும் அண்ணியும் பிள்ளைகளும் ரொறன்ரோக் குளிரில் இருமல் தடிமன் இல்லாமல் இருக்க வேண்டுகிறேன்.

இந்தக் கடிதம் ஒரு நீலத் தகர பிஸ்கற் ரின்னுக்குள் இருந்திருக்கும். கொண்டுவந்து தந்தவன் ஜெறோம், எங்கள் சந்திக் கடைக்காரரின் மருமகன், நல்ல பொடியன், தேத்தண்ணி கொடுத்து அனுப்புங்கள். ஆனால் அந்த ரின்னை மட்டும் அவனிடம் திருப்பிக் கொடுத்துவிடாதீர்கள். எதையும் போட்டும் அனுப்பவேண்டாம், வெறுமையாகவும் அனுப்பவேண்டாம். அனுப்பவே வேண்டாம்.

தனுஷாவை மேலே என்ன படிக்க விடலாமென்று நாங்கள் தலையைப் பிய்த்துக்கொண்டிருந்தபோது, "வழங்கல் சங்கிலி முகாமைத்துவத்திலை முதுமாணி செய்யட்டும், உலகம் முழுக்க வேலை" என்று தொலைபேசியில் சொன்னது நீங்கள். சாமான் ஓரிடத்திலிருந்து இன்னோரிடம் போவதற்கு ஒரு பட்டமா என்று கேட்டேன். முப்பத்தொரு வருடம் கூட்டுறவுச் சங்கக்கடைக் களஞ்சியத்தில் மாவும் சீனியும் ஏற்றி இறக்கியவன் நான், எனக்கு யாரும் தொப்பி போட்டுப் படம் எடுக்கவில்லை. சரி, அண்ணை சொன்னால் பிழைக்காது என்று சேர்த்துவிட்டோம். அவள் ஆய்வுக்கு எடுத்த விடயம், சாமான் போன பாத்திரம் திரும்பி வரும் வழி. பெரிய கம்பனிகளில் போத்தலும் பெட்டியும் வெறுமையாகத் திரும்பி வருமாம், அதை எங்கள் ஒழுங்கை வீடுகளுக்குள் அளந்து பார்க்கப் போகிறாளாம். பாத்திரம் நிறைந்து போகும், மூன்று நாளில் வெறுமையாகத் திரும்பும் என்று அம்புக்குறி போட்டுப் படமும் கீறிவிட்டாள். கொழும்பிலிருந்து கணினியில் படிப்பிக்கும் கலாநிதி செபநாயகம் அதற்குக் கையெழுத்தும் வைத்துவிட்டார். எங்கள் ஊரில் பாத்திரம் எப்போது அண்ணை வெறுமையாகத் திரும்பியது? என்னை ஒரு வார்த்தை கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். என்னை இந்த வீட்டில் யார் கேட்கிறார்கள்?

முதல் நாள், நீங்கள் பதினொரு வருடத்துக்கு முன் பிஸ்கற்றோடு கொண்டுவந்த இதே ரின்னில் இருபது பனங்காய்ப் பணியாரம் வைத்துப் பக்கத்து வீட்டு இரத்தினம்மாவுக்குக் கொடுத்தோம். மறுநாளே ரின் வந்தது, உள்ளே பன்னிரண்டு முட்டை. பன்னிரண்டு முட்டையை வாங்கிக்கொண்டு சும்மா இருக்கிற ஆளா கமலாவதி? பயற்றம் பணியாரம் செய்து மூடி மூடாத அளவுக்கு அடைத்து அனுப்பினாள். ரின் பனங்கட்டியோடு வந்தது, கூடவே மூடியின் மேல் ஒரு சீப்பு கதலி வாழைப்பழமும் வந்தது. தனுஷா வேலியோரம் போய் நின்று மன்றாடினாள்.

"மாமி, ரின்னை மட்டும் தாங்கோ. வெறுமையா."

"என்ன பிள்ளை கதைக்கிறாய்? வெறும் ரின்னைக் குடுத்து, எங்கடை வீட்டிலை ஒண்டுமில்லையெண்டு ஊருக்குக் காட்டவோ?"

"என்ரை படிப்புக்கு மாமி."

"ஓ, படிப்புக்கோ? அப்ப நில்லு, கொஞ்சம் கூடப் போட்டுத் தாறன்."

இதைக் கேட்டுச் செபநாயகம் துள்ளிக் குதித்தார். ஒரு முனையில் சிறிதாய் அசைந்தது மறுமுனையில் பெரிதாய் வீசுமாம், அதற்குச் சாட்டைவால் விளைவு என்று பெயராம். "புத்தகத்திலைதான் பாத்தனான் பிள்ளை, நீர் வீட்டிலையே வைச்சிருக்கிறீர்!" என்றார். அடுத்த முறை ரின்னைத் திறந்தால் உள்ளே ஒரு கயிற்றின் நுனி. மறுநுனி வாசல் படலைக்கு வெளியே போயிருந்தது. அதில் ஆடு நின்றது. ஒரு கிழமையில் அது இரண்டு குட்டியும் போட்டது. தாயும் இரண்டு குட்டியும் வாங்கியவர்கள் இனி எதை ஈடாகக் கொடுப்பது? கமலாவதி என் சைக்கிளை ஒரு மாதிரிப் பார்க்கத் தொடங்கினாள்.

"அது ரின்னுக்குள்ளை போகாது" என்றேன்.

"பூட்டுத் திறப்புப் போகும்தானே" என்றாள்.

இப்படியிருக்க, போன வெள்ளி செபநாயகம் குரலை மாற்றிவிட்டார். "சங்கிலியெண்டால் ஒரு முடிவு வேணும் பிள்ளை. வாற வெள்ளிக்குள்ளை ரின் ஓரிடத்திலை நிண்டிட்டுதெண்டு கையெழுத்தோடை காட்டும். இல்லாட்டில் அடுத்த வருசம்தான்." தனுஷாவுக்குக் கொழும்பில் ஒரு கப்பல் கம்பனி வேலைக் கடிதம் கொடுத்திருக்கிறது அண்ணை. மாத முடிவுக்குள் பட்டம் முடிந்தால்தான் சேரலாம், பிந்தினால் வேறு ஆளாம். பிள்ளை கிணற்றடியில் இருந்து அழுதாள். நான் இந்தப் படிப்பை எவ்வளவு நக்கலடித்தவன், அன்றைக்கு எனக்கு நெஞ்சு தாங்கவில்லை.

அப்போதுதான் களஞ்சியக்காரன் மூளை வேலை செய்தது. ரின் யாருடையது? உங்களுடையது. உரியவரிடம் போய்ச் சேர்ந்தால் சங்கிலி முடிந்தது! அதுவும் ரொறன்ரோவில் வேலி இல்லை, இரத்தினம்மா இல்லை. ஜெறோம் செவ்வாய் விமானம் ஏறுகிறான். உள்ளே ஒடியல்மாவும் வறுத்திடித்த மிளகாய்த்தூளும் இருக்கின்றன. தூளுக்குக் கீழே ஒரு படிவம் இருக்கிறது: "ரின் கிடைத்தது. இனித் திரும்பி வராது." அதில் கையெழுத்துப் போட்டு, படமெடுத்து, வெள்ளிக்கு முன் தனுஷாவுக்கு அனுப்பிவிடுங்கள். ஒரு பிள்ளையின் வாழ்க்கை உங்கள் பேனையில் நிற்கிறது. அண்ணியிடம் கேட்டுச் சொல்கிறேன் என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள்.

மருதடிப் பிள்ளையார் உங்கள் எல்லோரையும் காப்பார். சின்னவளுக்கு என் முத்தங்கள்.

இப்படிக்கு,
என்றும் உங்கள் சொல் தட்டாத தம்பி,
நாகலிங்கம்

பி.கு.: ரின்னை மூடுமுன் கமலாவதி இதை வாசித்துவிட்டாள். பதினொரு வருடம் கழித்து ஒடியல்மாவோடு வந்த ரின்னை அண்ணி சும்மா வைத்துக்கொண்டிருந்தால் பார்க்கிற சனம் என்ன சொல்லும் என்று கேட்கிறாள். எனக்கும் அது சரியாகத்தான் படுகிறது. ஜெறோம் அடுத்த மாதம் பன்னிரண்டாம் திகதி திரும்பி வருகிறான். என் கால் எட்டாம் நம்பர். ரின்னுக்குள் ஒரு சப்பாத்துத்தான் போகும், மற்றதைப் பையில் சுற்றிக் கொடுத்துவிடுங்கள். கையெழுத்தை மட்டும் முதலில் போட்டுவிடுங்கள்.