நிழல் வாத்தியாரும் அரைச் சூரியனும்

செங்கல்பட்டு ஜில்லாவிலேயே சூரியனோடு நேரடித் தொடர்பு வைத்திருந்த ஒரே அரசு ஊழியர் எங்கள் பள்ளிக்கூடத்து ஓவிய ஆசிரியர்தான். நான் முப்பத்தொரு வருடம் கணக்கு சொல்லிக் கொடுத்தவன். ஐந்து பள்ளிகளில் அறுபத்து நான்கு சக ஆசிரியர்களைப் பார்த்திருக்கிறேன். அவரைப் போல இன்னொருவர் இல்லை. பிள்ளைகள் அவருக்கு வைத்த பெயர் நிழல் வாத்தியார்.

மாமல்லபுரத்துக்கு வடக்கே கடலை ஒட்டிய உயர்நிலைப் பள்ளி. தொண்ணூறுகளின் பிற்பகுதி. பானை, பூசணிக்காய், கோயில் யானை, எதை வரைந்து நீட்டினாலும் அவர் கேட்பது ஒன்றுதான்: "நெழலு எங்க கீது?"

ஒரு நாள் கரும்பலகையில் முக்கோணம் போட்டுக்கொண்டிருந்தேன். ஜன்னலில் அவர் தலை தெரிந்தது.

"நெழலு எங்க சார்?"

"முக்கோணத்துக்கு ஏதுய்யா நிழல்?"

"அப்போ அது உலகத்துலயே இல்ல சார். இல்லாதத எதுக்குப் புள்ளைங்களுக்குச் சொல்லித் தர்றீங்க?"

வகுப்பில் ஐம்பத்திரண்டு பேர். அன்று ஒருவருக்கும் தேற்றம் ஏறவில்லை.

தலைமையாசிரியர் ஆசைப்பட்டுத் தன்னை வரையச் சொன்னார். படத்தில் பாதி மீசைதான் இருந்தது.

"மீதி எங்கய்யா?"

"மூக்கு நெழல்ல கீது சார்."

"எனக்கு அவ்வளவு பெரிய மூக்கா?"

நிழல் வாத்தியார் அந்த மூக்கையே பார்த்துக்கொண்டு நின்றார். அடுத்த வாரம் ஓவிய வகுப்பு இரண்டிலிருந்து ஒன்றாகக் குறைந்தது. பிடுங்கியதைக் கணக்குக்குக் கொடுத்தார்கள்.

அப்படிப்பட்டவருக்கு அமுதா மாணவியாக வாய்த்தாள். குப்பத்துப் பெண், பத்தாம் வகுப்பு. படகை வரைந்தால் அதன் நிழலில் மணல் ஈரமாக இருப்பதுகூடத் தெரியும். அவள் அம்மா ஒரு நாள் மீன் கூடையோடு வந்து நின்றார்.

"கம்பெனில எறா உரிக்க ஆளு கேக்குறாங்க சார். பத்தாவது முடிச்சதும் அனுப்பிடுவேன். படம் வரையறதுக்கு எவனாவது டப்பு குடுத்தா மேல படிக்கட்டும்."

கொடுக்க ஓர் அறக்கட்டளை இருந்தது, சென்னையில். ஒரு படம் அனுப்ப வேண்டும். பிடித்திருந்தால் மேல்படிப்புக்கு உதவித்தொகை. அந்த வருடத் தலைப்பு: கடலில் சூரிய அஸ்தமனம்.

நிழல் வாத்தியாரின் முகம் கறுத்துப்போனது. "நம்ம கடல்ல சூரியன் மொளைக்கும் சார், வுழாது. சாயங்காலமானா அது செங்கல்பட்டு பக்கம் பூடும்."

அமுதா தான் கண்டதை வரைந்தாள். சூரியனே இல்லை. கரையில் நிற்கும் ஒரு பெண்ணின் நிழல் நீண்டு, அலையைத் தாண்டிக் கடலுக்குள் இறங்கியிருந்தது. எனக்குத் தெரிந்து முதல் முறையாக அவர் எதுவும் கேட்கவில்லை.

தலைமையாசிரியர் கேட்டார். "சூரியன் எங்கய்யா? பாக்கறவங்க அதைத்தான் தேடுவாங்க. இல்லேன்னா ஓரமா தூக்கிப் போட்டுடுவாங்க. அப்புறம் இந்தப் பொண்ணு எறாதான் உரிக்கணும்."

நிழல் வாத்தியார் வெகுநேரம் மைதானத்துப் புங்க மரத்தடியில் உட்கார்ந்திருந்தார். பிறகு வந்து அமுதாவிடம் புதுத் தாளை நீட்டினார்.

"கடல்ல பாதி சூரியன் போடு. ஆரஞ்சு கலரு நெறைய போடு."

"அது பொய்யி சார்."

"தெரியும் பொண்ணு. போடு."

"நெழலு எந்தப் பக்கம் சார்?"

அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். "நெழலு வேணாம்."

உதவித்தொகை கிடைத்தது. அந்த வருடம் தேர்வான படங்கள் பதினொன்று. பதினொன்றிலும் பாதி சூரியன். அமுதா மேலே படிக்கப் போனாள்.

அதன்பின் அவருக்கு நான்கு வருட சர்வீஸ் பாக்கி இருந்தது. யார் எதை வரைந்து நீட்டினாலும் "நல்லா கீது" என்று கையெழுத்துப் போட்டார். பிள்ளைகளுக்குச் சந்தோஷம். எனக்குத்தான் பள்ளிக்கூடமே இருட்டிக் கிடந்தது. ஒரு நாள் ஜன்னலை நன்றாகத் திறந்து வைத்து, பலகை நிறைய ஒரே முக்கோணமாகப் போட்டேன். பார்த்தார். பேசாமல் போய்விட்டார்.

அவர் காலமாகி ஒன்பது வருடம். மாலையில் கடற்கரைக்குப் போனால் என் நிழல் நீண்டு தண்ணீரில் இறங்குகிறது. "இதோ இருக்கு, சார்" என்று சொல்லிவிட்டுத்தான் வீடு திரும்புகிறேன்.