எல்டர் இஸ்ரவேலின் கரக் சாய்

கல்யாணமான மறுநாள் காலையில் நான் கேட்ட முதல் சத்தம், டீ ஆற்றுகிற சத்தம். மெல்ல ஆரம்பித்து, நடுவில் கனத்து, கடைசித் துளியில் கிசுகிசுத்து நின்றது. கல்லூரியில் யாப்பு நடத்தப் போகிறவள் நான்; படுத்துக்கொண்டே அதற்குச் சீர் பிரித்துப் பார்த்தேன். கண்ணைத் திறந்தால் என் புதுக் கணவர் இஸ்ரவேல். முண்டா பனியன், இரண்டு கையிலும் இரண்டு டம்ளர், நடுவில் முழ நீளத்துக்குத் தொங்குகிற டீ. அந்த முகத்தில் இருந்த பக்தியை அதற்கு முன் நான் எந்தப் போதகரிடமும் பார்த்ததில்லை.

அது நாற்பது சொச்சம் வருஷத்துக்கு முன்னால். அப்புறம், கோயம்புத்தூரில் இருந்தபோது, நாங்கள் இருவரும் பிற்காலப் பரிசுத்தவான்கள் சபையில் சேர்ந்தோம். ஊர் உலகம் மார்மன் என்று சொல்லும். அங்கே மது, புகையிலை, காப்பி, டீ நான்கும் கிடையாது. முதல் மூன்றையும் இஸ்ரவேல் சிரித்துக்கொண்டே விட்டார், ஏனென்றால் அவை அவரிடம் இருந்ததே இல்லை. நான்காவதை விட்ட அன்று அந்த இரண்டு டம்ளர்களையும் கழுவிக் கவிழ்த்து வைத்தார். இருபத்திரண்டு வருஷத்துக்கும் மேல் அவை கவிழ்ந்தே இருந்தன.

எனக்கு ஓர் ஆசை இருந்தது. எங்கள் சபையில் வயதான தம்பதிகள் ஒன்றரை வருஷம் சொந்தச் செலவில் வெளியூர் போய் ஊழியம் செய்வார்கள். போகலாம் என்று நான் பன்னிரண்டு வருஷம் கேட்டேன். மின்வாரியத்தில் ஓய்வு பெற்றுக்கொள்கிறேன் என்றார். பெற்றார். பையனுக்குக் கல்யாணம் ஆகட்டும் என்றார். ஆனது. மாடியில் ஒழுகுகிற இடத்தை அடைத்துவிடலாம் என்றார். நானே ஆளை வைத்து அடைத்தேன். காரணம் தீர்ந்துபோன மனிதரைக் கையெழுத்துப் போட வைத்து அழைத்துக்கொண்டு, ஒரு ஜூலையில் அமீரகத்து அஜ்மானில் போய் இறங்கினேன். அன்றிலிருந்து, ஊழியக்காரர்களுக்கான பட்டப்படி, அவர் எல்டர் இஸ்ரவேல். நான் சிஸ்டர் சுகிர்தராணி. கோபம் வந்தால் மட்டும் நானும் அவரை எல்டர் என்று கூப்பிடுவேன்.

அந்த நாட்டில் வீடு வீடாகப் போய்ப் பிரசங்கம் செய்யக் கூடாது. நாங்கள் செய்யவும் இல்லை. சபை மக்களோடு இருப்பதுதான் எங்கள் ஊழியத்தின் தலைவரான மிஷன் பிரசிடெண்ட் கொடுத்த வேலை. டூட்டி முடிந்து தனியாக ரூமில் அழுகிற நர்ஸ் பெண்ணுக்கு ரசம் கொண்டுபோவது. கேட்பது. கேட்டுக்கொண்டே இருப்பது. அறுபத்தேழு வயதில் என்னால் நன்றாகச் செய்ய முடிந்த வேலை அது ஒன்றுதான். அதை முழுசாகச் செய்துவிட்டுத்தான் ஊர் திரும்புவது என்று தீர்மானித்திருந்தேன்.

செப்டம்பரில் இஸ்ரவேலுக்கு ஒரு டாக்டர் தினசரி நடை எழுதிக் கொடுத்தார். எனக்கு முட்டி வலி. அதனால் அவர் மட்டும் காலையிலும் மாலையிலும் போனார். மூன்றாம் நாள் பாட்டு முணுமுணுத்துக்கொண்டு திரும்பினார்.

"நடை எப்படி இருந்துச்சு?"

"நல்ல சூடு."

"வெயிலா?"

"வெயில்தான். பின்ன என்ன?"

"மீசையில என்னங்க நுரை?"

"பேஸ்ட்டு."

"பல்லு தேச்சு மூணு மணி நேரமாச்சே."

"நல்ல பேஸ்ட்டு, ராணி."

நான்காம் நாள் கிராம்பு வாசனை அடித்தது. பல்வலி இல்லாதவர் கிராம்பு மென்றால் எதையோ மறைக்கிறார் என்று அர்த்தம். ஐந்தாம் நாள் அவர் போனில் பேரனோடு பேசிக்கொண்டிருந்தபோது முட்டியைப் பிடித்துக்கொண்டு லிஃப்டில் இறங்கினேன். தெருமுனையில் ஒரு சின்னக் கஃபத்தீரியா, நம் ஊர் டீக்கடைதான். பால் டின்கள் கோபுரமாக அடுக்கியிருந்தன. அடுப்பில் அண்டா கொதித்தது. காயல்பட்டினத்துப் பையன் மஹ்மூது கரண்டியால் மொண்டு மொண்டு உயரத்திலிருந்து ஊற்றிக்கொண்டிருந்தான்.

அந்தச் சத்தம். இருபத்திரண்டு வருஷம் கழித்து. மனிதரைக் குற்றம் சொல்ல முடியவில்லை.

"யாரும்மா நீங்க? என்ன வேணும்?"

"இங்க ஒரு பெரியவர் வருவாரே. வழுக்கை, வெள்ளை மீசை."

"இஸ்ரவேல் சாரா! டெய்லி ரெண்டு கரக், நல்லா கொதிச்ச ஸ்ட்ராங் டீ. சுவத்தைப் பாத்துத் திரும்பி நின்னுதான் குடிப்பாரு. எதோ கண்ணுவலின்னு நெனச்சேன்."

"கண்ணுவலி நான்தான்" என்றேன்.

வீட்டில் சண்டை போட்டு நிறுத்தியிருக்கலாம். ஆனால் இஸ்ரவேலை எனக்குத் தெரியும். கூடாது என்று சொன்னால் அடுத்த தெருவுக்குப் போவார். அங்கேயும் கண்டுபிடித்தால் ஷார்ஜாவுக்கு பஸ் ஏறுவார். எனவே சந்தேகப்பட்டு முன்கூட்டியே கைப்பையில் போட்டு வந்திருந்த ஒரு பாக்கெட்டை எடுத்துக் கொடுத்தேன். ரூயிபோஸ். தென்னாப்பிரிக்காவில் விளைகிற சிவப்புக் குச்சி. தேயிலைக்குத் தூரத்துச் சொந்தம்கூட இல்லை. எங்கள் சபைப் பெண்கள் நிறையப் பேர் குடிப்பார்கள்.

"இனிமே அவருக்கு இதைக் கொதிக்க வச்சுக் குடு. அதே பால், அதே இஞ்சி, அதே ஏலக்காய்."

மஹ்மூது பாக்கெட்டை முகர்ந்தான். "டீக்கடையில டீ இல்லாத டீயா? ஏமாத்து வேலை டீச்சர் இது. அல்லாவுக்கு நான் பதில் சொல்லணும்."

"நான் டீச்சர்னு உனக்கு எப்படித் தெரியும்?"

"பேசுற தோரணையே சொல்லுதே."

"சரி. உங்க உம்மாவுக்கு சுகர் உண்டா?"

"உண்டு."

"அவங்க உனக்குத் தெரியாம அல்வா வாங்கச் சொல்லி பக்கத்து வீட்டுப் பிள்ளையைக் கடைக்கு அனுப்பினா, கடைக்காரர் என்ன பண்ணணும்னு நெனைப்ப?"

அவன் அண்டாவைப் பார்த்தான். பாக்கெட்டைப் பார்த்தான். "நாக்கு கண்டுபிடிச்சிருமே."

"இருபத்திரண்டு வருஷம் பட்டினி கிடந்த நாக்கு. அதுவும் பயந்துக்கிட்டுக் குடிக்கிற நாக்கு. கண்டுபிடிக்காது."

"கலாஸ், முடிஞ்சுது. பாக்கெட்டை வச்சுட்டுப் போங்க."

கண்டுபிடிக்கவில்லை. செப்டம்பர் போனது, அக்டோபர் போனது. இஸ்ரவேல் தினமும் இரண்டு வேளை சுவரைப் பார்த்து நின்று சிவப்புக் குச்சித் தண்ணீர் குடித்தார். கிராம்பு மென்றார். பாட்டு முணுமுணுத்தார். மாதம் ஒரு பாக்கெட் நான் கீழே அனுப்பினேன். எல்லாம் சுகமாக நடந்தது. நான் ஒன்றே ஒன்றை மறந்துபோனேன். மனிதருக்கு நாக்கு மட்டும் இல்லை, மனசாட்சியும் இருக்கிறது.

நவம்பரில் அது வேலை செய்ய ஆரம்பித்தது. பாட்டு நின்றது. கேட்காமலே பாத்திரம் கழுவினார். சாப்பாட்டு ஜெபம் ரசம் ஆறுகிற அளவுக்கு நீண்டது. ஒருநாள் முட்டியில் எனக்குத் தைலம் தேய்த்துவிட்டுக்கொண்டே கேட்டார்:

"ராணி, நான் நல்லவனா?"

"தைலத்தை இன்னும் கொஞ்சம் கீழ தேய்ங்க. அப்புறம் சொல்றேன்."

டிசம்பர் இரண்டாம் வாரம் கட்டிலுக்கு அடியில் துடைப்பம் எதிலோ முட்டியது. இழுத்துப் பார்த்தேன். அவருடைய சூட்கேஸ். வேட்டி, கோட்டு, பைபிள், மாத்திரை டப்பா எல்லாம் மடித்து வைத்திருந்தது. பக்கத்தில் பெட்டியைத் தொங்கவிட்டு எடை பார்க்கிற கொக்கித் தராசு.

"எல்டர் இஸ்ரவேல்!"

வந்தார். சூட்கேஸைப் பார்த்தார். என்னைப் பார்க்கவில்லை.

"கிறிஸ்துமஸுக்கு மிஷன் பிரசிடெண்ட் சாப்பிட வர்றாருல்ல? அன்னிக்கு அவர்ட்ட ஒரு விஷயம் சொல்லப் போறேன். சொல்லிட்டு, எங்களை ஊருக்கு அனுப்பிருங்கன்னு கேக்கப் போறேன்."

"என்ன விஷயம்?"

"அது எனக்கும் ஆண்டவருக்கும் பிரசிடெண்டுக்கும்."

"எங்களைன்னு சொன்னீங்களே. அதுல நான் ஒருத்தி இருக்கேன்."

"தம்பதின்னா ஜோடி டிக்கெட்தான் ராணி. நீ ஒரு தப்பும் பண்ணல. நான் தகுதியில்லாதவன். தகுதியில்லாதவன் இங்க ஒரு நாளும் இருக்கக் கூடாது. தீர்மானம் பண்ணிட்டேன்."

நாற்பத்து மூன்று வருஷத்தில் அவர் பண்ணின முதல் தீர்மானம் அது. என்னைக் கேட்காமல் பண்ணினது.

கட்டிலில் உட்கார்ந்தேன். நர்ஸ் எப்சிபா நினைவுக்கு வந்தாள். குளச்சல் பெண். நான்கு கிறிஸ்துமஸாக ஊருக்குப் போகாதவள். "ஆன்ட்டி, அடுத்த வருஷமும் நீங்க இருப்பீங்கதானே?" என்று முந்தின வாரம்தான் கேட்டாள். இருப்பேன் என்று சொல்லியிருந்தேன்.

அப்போதே உண்மையைச் சொல்லியிருக்கலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். வாயைத் திறந்தேன். ஆனால் இவர் என்ன சொல்வார் என்று தெரியும்: 'என்னைக் காப்பாத்தப் பொய் சொல்ற ராணி. அந்தப் பாவமும் என் தலையில.' பாவம் செய்துவிட்டேன் என்று முடிவு கட்டிய மனிதரிடமிருந்து அதைப் பிடுங்குவது லேசு இல்லை. சாட்சி வேண்டும். வாயை மூடிக்கொண்டு, மறுநாள் மறுபடி லிஃப்டில் இறங்கினேன்.

அங்கே கிறிஸ்துமஸுக்கு விடுமுறை கிடையாது. எப்சிபா காலை டூட்டி முடித்து, யூனிஃபார்மை மாற்றக்கூட நேரமில்லாமல் மூன்று மணிக்கு ஓடி வந்தாள். பிரசிடெண்டும் அவர் மனைவியும் அபுதாபியிலிருந்து காரோட்டி வந்திருந்தார்கள். ஆறடி உயரம், இளவயதில் ஊழியத்துக்கு வந்து தமிழ் கற்ற அமெரிக்கர், எங்கள் சோபாவில் முழங்கால் முகவாயைத் தொட உட்கார்ந்திருந்தார். ஆட்டுக்கறி பிரியாணியை அழுதுகொண்டே சாப்பிட்டார். காரம். திராட்சைச் சாற்றில் ஊறவைத்த பிளம் கேக் வந்ததும்தான் கண்ணைத் துடைத்தார். எப்சிபா ஒரு பாட்டுப் பாடினாள். எல்லாரும் கொஞ்சம் ஊரை நினைத்துக்கொண்டோம்.

இஸ்ரவேல் எதையும் சாப்பிடவில்லை. எழுந்தார். கோட்டுப் பொத்தானைப் போட்டார். சூட்கேஸ் படுக்கையறைக் கதவோரம் தயாராக நின்றது.

"பிரசிடெண்ட், நான் ஒன்று சொல்ல வேண்டும்."

காலிங்பெல் அடித்தது.

மஹ்மூது. புதுச் சட்டை போட்டு, ஒரு கையில் பெரிய ஃபிளாஸ்க், மறு கையில் பேப்பர் கப் அடுக்கு. "மெர்ரி கிறிஸ்துமஸ் டீச்சர்!" என்றான். யாரும் சொல்லாமலே நடுக்கூடத்தில் நின்று, கையை உயர்த்தி, ஆற்ற ஆரம்பித்தான்.

சத்தம் கூடத்தை நிறைத்தது. இஞ்சி, ஏலக்காய். இஸ்ரவேலைப் பார்த்தேன். தன் ரகசியம் சட்டை போட்டுக்கொண்டு வீட்டுக்குள் வந்து நிற்பதைப் பார்க்கிற முகம்.

"ஆகா, என்ன வாசனை!" என்று பிரசிடெண்ட் ஒரு கப்பை வாங்கினார். உதட்டுக்குக் கொண்டுபோனார்.

இஸ்ரவேல் பாய்ந்தார். அறுபத்தொன்பது வயதில், முட்டி எனக்குத்தான் வலிக்கிறது என்று அன்றைக்கு நிரூபித்தார்.

"குடிக்காதீங்க பிரசிடெண்ட்! அது டீ!"

பாதி கப் பிரசிடெண்டின் வெள்ளைச் சட்டையில்.

"உங்களுக்கு எப்படித் தெரியும், எல்டர்?"

"எப்படித் தெரியும்னா... செப்டம்பர்லேர்ந்து டெய்லி ரெண்டு. காலையில ஒண்ணு, சாயங்காலம் ஒண்ணு. சுவத்தைப் பாத்துக்கிட்டு." கோட்டுப் பொத்தானைப் பிடித்துக்கொண்டார். "நான் தகுதியில்லாதவன். எங்களை ஊருக்கு அனுப்பிருங்க."

எப்சிபா வாயைப் பொத்திக்கொண்டாள். மஹ்மூது ஃபிளாஸ்க்கை மேசையில் வைத்தான்.

"சார், இதுல டீ இல்ல."

"நீ சும்மா இரு மஹ்மூது. என்னைக் காப்பாத்தாத."

"மாஃபி சாய், டீயே இல்ல சார்! சத்தியமா! இந்தா பாருங்க." சட்டைப் பையிலிருந்து சிவப்புப் பாக்கெட்டை எடுத்துப் போட்டான். "டீச்சர் மாசாமாசம் குடுத்தனுப்புவாங்க. உங்களுக்குன்னு தனிப் பாத்திரமே வச்சிருக்கேன்."

பிரசிடெண்டின் மனைவி பாக்கெட்டைக் கையில் எடுத்தார். கண்ணாடியை ஏற்றிப் படித்தார். "இதையா? நான் தினமும் காலையில் இதைத்தானே குடிக்கிறேன்!"

இஸ்ரவேல் மெல்லத் திரும்பி என்னைப் பார்த்தார். நான் கேக் வெட்டிக்கொண்டிருந்தேன்.

"முதல்லேர்ந்தேவா?" என்று மஹ்மூதிடம் கேட்டார்.

"முதல் நாலு நாள் மட்டும் ஒரிஜினல் சார்."

ஒரு நொடி அவர் முகம் மலர்ந்ததை நான் பார்த்தேன். நாலு நாளாவது மிச்சம் இருக்கிறதே! நிமிர்ந்து நின்றார். "பிரசிடெண்ட், அந்த நாலு நாளைக்கு..."

"அந்த நாலு நாளைக்கு இப்போதுதானே மனசாரச் சொன்னீர்கள்? நான் கேட்டுக்கொண்டேன்." பிரசிடெண்ட் சட்டையைத் துடைத்துக்கொண்டே இன்னொரு கப்புக்குக் கை நீட்டினார். "சூட்கேஸை உள்ளே வைத்துவிட்டு உட்காருங்கள், எல்டர். ஆறிவிடும்."

உட்கார்ந்தார். கப்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். மூன்று மாதத்துக்குப் பிறகு முதல் தடவையாகச் சுவரைப் பார்க்காமல், எங்கள் எல்லாரையும் பார்த்துக்கொண்டு ஒரு வாய் குடித்தார்.

"நல்லாவே இல்ல" என்றார்.

எல்லாரும் போனபின் பாத்திரம் கழுவிக்கொண்டு நின்றார். நான் துடைத்து அடுக்கினேன்.

"கோவமா?" என்றேன்.

"நாப்பத்து மூணு வருஷத்துல உன்னைக் கேக்காம நானாப் பண்ணின ஒரே தப்பு, ராணி." பிரியாணிச் சட்டியைக் கவிழ்த்தார். "அதுலயும் நீதான் மேல்பார்வை."

ஒன்றரை வருஷத்தையும் முடித்தோம். அடுத்த கிறிஸ்துமஸுக்கும் எப்சிபா எங்களோடுதான் சாப்பிட்டாள். கோயம்புத்தூர் திரும்பியதும் இஸ்ரவேல் அந்த இரண்டு டம்ளர்களையும் நிமிர்த்தினார். காலையில் ஒன்று, மாலையில் ஒன்று, சிவப்புக் குச்சியைக் கொதிக்க வைத்து முழ நீளத்துக்கு ஆற்றி எனக்கும் தருகிறார். டாக்டர் எழுதிக் கொடுத்த நடையை மட்டும் நிறுத்திவிட்டார்.