மருமகளின் கிருமி வேலை குறித்துச் சம்பந்திக்கு

பிரிக்பீல்ட்ஸ் சம்பந்தி சுகுமாறன் அவர்களுக்கு, கிள்ளானிலிருந்து லோகன் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இங்கு நானும் லெட்சுமியும் மகன் பிரவினும், தாங்கள் எங்களுக்குக் கொடுத்த தங்க மகள் புனிதாவும் நலம். தங்கள் முட்டிவலியும் சம்பந்தியம்மாவின் சர்க்கரையும் அடங்கியிருக்கும் என நம்புகிறேன். வாட்ஸ்அப்பில் சொல்லக்கூடிய விஷயமல்ல என்பதால் தாளில் எழுதுகிறேன். தயவுசெய்து ஞாயிற்றுக்கிழமை வந்து, புனிதாவை அந்தப் பரிசோதனைக்கூட வேலையை விடச் சொல்லவும். நான் சொன்னால் மாமனார் கொடுமை என்பார்கள்.

முட்டையிலும் கோழியிலும் சல்மொனெல்லா என்ற கிருமி இருக்கிறதா என்று பார்ப்பது அவள் வேலை என்று கல்யாணம் பேசும்போதே சொன்னீர்கள். எட்ட நின்று பார்ப்பாள் என்று நினைத்தேன். அதைத் தட்டில் வைத்து வளர்க்கிறார்கள் சம்பந்தி. கல்யாண லீவு முடிந்து வேலைக்குக் கிளம்பிய அன்று வளையல், மோதிரம் எல்லாவற்றையும் கழற்றிச் சாமி மேடையில் வைத்துவிட்டுப் போனாள். கையுறை கிழிந்துவிடுமாம், நகை இடுக்கில் கிருமி ஒளிந்துகொள்ளுமாம். புதுப்பெண் வெறுங்கையோடு போகிறாளே என்று லெட்சுமி புலம்பித் தீர்த்தாள். சாயங்காலம் வாசலுக்கு ஓடிப்போய்க் கட்டிக்கொள்ளப் போனால், "இருங்க அத்தை, குளிச்சிட்டு வந்திடறேன்" என்று பின்கதவு வழியாகப் போய்விட்டாள். நம் வீட்டையும் ஆட்களையும் கண்டாலே இவளுக்கு அருவருப்பு என்று முடிவு கட்டிய லெட்சுமி அன்று சாப்பிடவில்லை. அவள் சாப்பிடாததால் எனக்கும் சரியாகக் கிடைக்கவில்லை. மறுநாள் லெட்சுமி குழாயடியில் கோழி அலசும்போது, தண்ணீர் தெறித்தால் கிருமி பரவும், அலசாமலே சமைக்கலாம் என்று புனிதா பணிவாகத்தான் சொன்னாள். அதன்பிறகு வீட்டில் கோழியும் இல்லை, பேச்சும் இல்லை.

இருவரையும் சேர்த்துவைக்க நான் ஒரு வழி கண்டேன். லெட்சுமியைக் கெஞ்சி மீன்குழம்பு வைக்கச் சொல்லி, எங்கள் கல்யாணத்தில் அவள் சீராகக் கொண்டுவந்த டிபன் கேரியரில் எடுத்துக்கொண்டு, புனிதாவின் பரிசோதனைக்கூடம் இருக்கும் ஷா ஆலம் போனேன். புனிதா மீட்டிங்கில் இருப்பதாகச் சொல்லி நாற்காலி காட்டினார்கள். அதிலேயே உட்கார்ந்திருக்கலாம். யாரோ தள்ளுவண்டியோடு வெளியே வர, மூடப்போன கதவைப் பிடித்துக்கொண்டு உள்ளே போனேன். அங்கே ஒரு குளிர்பெட்டி. வெயிலில் வந்த குழம்பு கெட்டுவிடுமே என்று, அதிலிருந்த சின்னச் சின்ன வட்டத் தட்டுகளை ஓரமாக ஒதுக்கிக் கேரியரை வைத்து மூடினேன். மூக்கைச் சொறியக் கையைத் தூக்கும்போது பின்னால் புனிதாவின் குரல்.

"மாமா, கைய அப்படியே வைங்க. மூஞ்சில படவே கூடாது."

பக்கத்தில் நின்று, விரலிடுக்கு நகக்கண் எல்லாம் சோப்புப் போட வைத்தாள். கேரியர் வெளியே வரக்கூடாதாம். அண்டா அளவு குக்கரில் குழம்போடு அவித்துக் குப்பைக்கு அனுப்பிவிட்டார்கள். மேலதிகாரி வந்து குதித்தார். நான் வாயைத் திறப்பதற்குள் புனிதா, "என் தப்புதான் பாஸ், மாமாகிட்ட நான் முன்னாடியே சொல்லியிருக்கணும்" என்றாள். எனக்கு அழுகை வந்துவிட்டது. கண்ணைத் துடைக்கவும் பயமாக இருந்தது. இப்படிப்பட்ட பிள்ளை தினமும் அந்தச் சனியனோடு புழங்குகிறாளே என்று அன்றிலிருந்து எனக்குத் தூக்கமில்லை. ஒரு பேங்க் வேலை போதாதா? அவசியம் வந்து சொல்லவும்.

வீட்டில் அனைவருக்கும் எங்கள் அன்பு. முருகன் துணையிருப்பான்.

இப்படிக்கு,
லோகன்

பி.கு.: நேற்று உறையை ஒட்டும் நேரத்தில் கேரியர் எங்கே என்று லெட்சுமி கேட்க, நான் விழிக்க, புனிதா எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். அத்தைக்கு எதுவும் வந்துவிடக் கூடாது என்றுதான் குளிக்க ஓடுவதாகவும் சொன்னாள். கேரியரை லெட்சுமி மறந்தேபோனாள். "நம்ம பிள்ளைய ஏச அவன் யாரு?" என்று மேலதிகாரியைத்தான் பிடித்துக்கொண்டாள். இன்று பாசாரில் முட்டைக்காரரிடம், இது என் மருமகள் பார்த்து விட்ட முட்டையா என்று விசாரித்தாளாம். அவளை வேலையை விடச் சொல்பவர் யாராக இருந்தாலும் இந்த வீட்டில் சோறு கிடையாது என்றும் அறிவித்துவிட்டாள். இதைக் கிழித்துப் போட்டிருக்கலாம். இவ்வளவு எழுதிவிட்டு மனம் வரவில்லை. ஆகவே பேச்சு வந்தால், வேலையை விடச் சொன்னது தாங்கள் என்றும், நான்தான் கூடவே கூடாது என்று மறுத்தேன் என்றும் சொல்லவும். தங்களுக்குப் பிரிக்பீல்ட்ஸில் வாழையிலைச் சாப்பாட்டுக் கடைகள் நிறைய இருக்கின்றன. எனக்கு லெட்சுமி மட்டும்தான்.