கட்-ஆஃப் ஜோசியரின் நூற்று நாற்பத்தேழு

மனித குலத்தில் கட்-ஆஃப் ஜோசியர் என்று ஓர் இனம் உண்டு. ஜாதகம் பார்க்க மாட்டார், கைரேகை பார்க்க மாட்டார். உங்கள் பிள்ளையின் மார்க்கைப் பார்ப்பார். பார்த்துவிட்டு, கண்ணை லேசாக மூடி, உதட்டைப் பிதுக்கி, "போன வருஷம் கடைசி சீட்டு நூத்தி ஐம்பத்தேழுல நின்னுச்சு. இந்த வருஷம் ஒண்ணு ஏறும்" என்பார். ஏன் ஏறும்? கேட்டுவிடாதீர்கள். கேட்டால் அன்று சாயங்காலம் உங்களுக்கு வேறு வேலை எதுவும் ஓடாது.

இவரை அடையாளம் காண்பது சுலபம். சட்டைப் பையில் நாலாக மடித்த காகிதம் இருக்கும். யார் வீட்டுக்குப் போனாலும் செருப்பைக் கழற்றும்போதே பிள்ளை என்ன படிக்கிறது என்று விசாரித்து, உட்காரும்போது மார்க்கை வாங்கி, தண்ணீர் வந்து சேர்வதற்குள் அந்தப் பிள்ளைக்கு எந்தக் கல்லூரி கிடைக்கும், எது கிடைக்காது, எது "தொட்டும் தொடாம" நிற்கும் என்று தீர்ப்பு எழுதி முடித்திருப்பார். பிள்ளையின் பெயரைக் கேட்க மறந்துவிடுவார். துக்க வீட்டில் மட்டும் கொஞ்சம் நாகரிகம் காட்டுவார். கிளம்பும்போதுதான் கேட்பார்.

எங்கள் கட்டடத்தின் மாடியில் இந்த இனத்தில் ஒருவர் குடியிருக்கிறார். பஸ் டிப்போவில் டைம் கீப்பர். மணி என்ன என்று கேட்டால், "நாலே காலுக்கு ஒண்ணரை நிமிஷம் இருக்கு" என்பார். முழு எண் அவர் வாயில் நுழையாது. அதனால் நாங்கள் வைத்த பெயர் தசமம். அவர் மனைவி பல் ஆஸ்பத்திரியில் நர்ஸ். ஒரே மகள். அவள் வக்கீலாக வேண்டும் என்று பதினாலு வயதிலேயே முடிவு செய்தவள். வீட்டுக்காரர் மொட்டை மாடியைப் பூட்டி வைத்தபோது, படிக்கட்டில் நின்று வாடகை ஒப்பந்தத்தின் ஏழாம் பக்கத்தை அவருக்கே உரக்கப் படித்துக் காட்டிச் சாவியை வாங்கியவள். இன்றைக்கு நான் வெயிலில் துணி காயப்போடுவது அவள் புண்ணியத்தில்தான்.

அவளுக்கு ஆற்றங்கரையில் இருக்கும் சட்டக் கல்லூரி என்றால் உயிர். அங்கே இரண்டாம் வருஷத்திலிருந்தே மாணவர்களை இலவச சட்ட உதவி மையத்தில் உட்கார வைத்து, வழி தெரியாமல் வருகிறவர்களோடு பேச விடுகிறார்களாம். அதற்குமேல் அவளுக்கு என்ன வேண்டும்?

ஆனால் இந்தச் சேர்க்கையில் ஒரு வில்லங்கம். நுழைவுத் தேர்வின் ரிசல்ட் வருவதற்கு முன்பே ஐந்து கல்லூரிகளை வரிசையாக எழுதிக் கொடுத்துவிட வேண்டும். எழுதாத கல்லூரி எழுதாததுதான். அப்புறம் இருநூற்றுக்கு இருநூறு வாங்கினாலும் வாசலில் நின்று வேடிக்கை பார்க்கலாம். அதாவது, வராத மார்க்கை வைத்து வாழ்க்கையைத் திட்டமிட வேண்டும். தசமத்துக்கு இதைவிடக் கொண்டாட்டம் உண்டா?

உடனே மாதிரித் தேர்வுகள் தொடங்கின. ஞாயிறுதோறும் சாப்பாட்டு மேசையில், டிப்போ விசிலை ஊதித்தான் ஆரம்பிப்பார். தாள் எவ்வளவு கடினம் என்று அளக்க வேண்டுமாம். மேசையின் மறு பக்கத்தில் பென்சிலைச் சீவிக்கொண்டு அவரும் உட்கார்ந்து எழுதுவார். ஐந்து தேர்வில் மகள் வாங்கியது 158, 162, 160, 165, 160. இதை நீங்கள் ஞாபகம் வைத்துக்கொள்ளலாம், வேண்டாமென்றாலும் விடலாம்.

பிறகு அவர் கம்ப்யூட்டரில் ஷீட் போட்டார். அடேயப்பா, அது ஷீட்டா! கல்லூரிக்கு ஒரு வரி, வருஷத்துக்கு ஒரு கட்டம், மேலே மகளின் சராசரி, அடியில் பொடி எழுத்தில் மார்க் வரிசை, பக்கத்தில் ஏற்றம், இறக்கம், ஏற்றத்தின் இறக்கம். கல்லூரிகளை மூன்று நிறத்தில் பிரித்தார். சிவப்பு, ஆசை. மஞ்சள், அளவு. பச்சை, ஆறுதல். அதை அச்சடித்து ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டினார். தலைப்பில் கொட்டை எழுத்தில்: சராசரி 147.0. ஆற்றங்கரைக் கல்லூரிக்குப் போன வருஷம் 157, பக்கத்தில் "ஒண்ணு ஏறும்" என்று குறிப்பு. அந்த வரிமேல் ஸ்கேல் வைத்து ஒரு கோடு.

அன்று நான் அவர்களிடம் ஏணி இரவல் கேட்கப் போயிருந்தேன். மகள் ஃபிரிட்ஜ் முன்னால் நின்றுகொண்டிருந்தாள்.

"அப்பா, நூத்தி நாப்பத்தேழு எப்படி வருது? நான் நூத்தி ஐம்பத்தெட்டுக்குக் கீழ எடுத்ததே இல்லையே?"

"சராசரின்னா அப்படித்தாம்மா. கொஞ்சம் கீழதான் இருக்கும்."

"எல்லா மார்க்குக்கும் கீழயா?"

"ஷீட் சொல்லுது. நானா சொல்றேன்?"

"அஞ்சாவதாவாவது அதை எழுதுங்கப்பா. ப்ளீஸ்."

"ஒரு இடத்தை வீணடிக்கச் சொல்றியா? அளவுல ரெண்டு, ஆறுதல்ல மூணு. முடிஞ்சுது. சார், நீங்க சொல்லுங்க, நான் சொல்றது சரியா இல்லையா?"

நான் பட்டதாரி. கணக்கு ஒரு பாடமாகவே படித்தவன். ஃபிரிட்ஜைப் பார்த்தேன். மூன்று நிறம், ஒரு தசமப்புள்ளி, ஸ்கேல் வைத்த கோடு. "சரியாத்தான் சார் இருக்கு" என்று தலையாட்டிவிட்டு ஏணியைத் தூக்கிக்கொண்டு வந்தேன். வெட்கமாகத்தான் இருக்கிறது, என்ன செய்ய?

வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஐந்து மணிக்குப் படிவம் பூட்டிக்கொள்ளும். அதுவரை திருத்தலாம். நாலரைக்கு நான் ஏணியைத் திருப்பிக் கொடுக்கப் போனேன். மகள் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள். அப்போதுதான் வேலையிலிருந்து வந்த அவள் அம்மா, தண்ணீர் எடுக்க ஃபிரிட்ஜ் கதவில் கை வைத்தவர், வைத்தபடி நின்றார். பல் எண்ணிப் பழகிய கண் அல்லவா? மார்க் வரிசையின்மேல் விரலை வைத்து இடமிருந்து வலமாக ஒவ்வொன்றாக எண்ணினார்.

"ஏண்டி, நீ அஞ்சு டெஸ்ட்தானே எழுதினே? இங்க பத்து இருக்கே?"

மகள் எழுந்து உட்கார்ந்தாள். அம்மா போனை எடுத்து ஸ்பீக்கரில் போட்டார்.

"ஏங்க, இந்த நூத்தி முப்பத்திரண்டு யாரோடது?"

"எது?"

"பக்கத்துல நூத்தி இருபத்தெட்டு. அதுக்கப்புறம் நூத்தி முப்பத்தஞ்சு. யாரோடதுங்க?"

அந்தப் பக்கம் ஒரு பஸ் நீளமாக ஹாரன் அடித்து ஓய்ந்தது.

"அது... என்னோடது."

"உங்க மார்க்கையும் சேர்த்தா எம்பொண்ணுக்கு சராசரி போட்டீங்க?"

"ஷீட்டு எல்லாத்தையும் சேர்த்துக்கிச்சு. என்னை எடுத்துட்டா அவளுக்கு எவ்வளவு வருது?"

மகள் அதற்குள் காகிதத்தில் போட்டிருந்தாள். "நூத்தி அறுபத்தொண்ணு."

தசமம் பேசியபோது அது அவர் குரலாகவே இல்லை. "அதை முதல்ல போடும்மா. ஆத்தங்கரையை முதல்ல போடு. அப்பா முட்டாள்மா. சீக்கிரம் போடு."

போடலாம்தான். பாஸ்வேர்டு அவரிடம் அல்லவா இருக்கிறது! மணி நாலு ஐம்பத்திரண்டு. அவர் டிப்போவிலிருந்து கத்த, அம்மா அதைத் திருப்பிக் கத்த, மகள் தட்ட, நான் ஏணியைக் கட்டிப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"அவ பேரு. அப்புறம் ஒண்ணு, நாலு, ஏழு."

"தப்புன்னு வருதுப்பா!"

"புள்ளி வச்சு சைபர் போட்டியா?"

"பாஸ்வேர்டுல எதுக்குப்பா புள்ளி?"

"புள்ளி இல்லாம எப்படிம்மா!"

திறந்தது. ஆறுதலில் ஒன்று வெளியே போனது, ஆற்றங்கரை முதலிடத்தில் ஏறியது. நாலு ஐம்பத்தெட்டுக்கு அனுப்பியாகிவிட்டது. அம்மாவும் மகளும் கட்டிப் பிடித்துக்கொண்டு குதித்தார்கள். ஏணி என் கால்மேல் விழுந்தது. அதற்கும் சேர்த்து நானும் குதித்தேன். தசமம் போனை வைக்கவே இல்லை. அன்று அந்த டிப்போவிலிருந்து நான்கு பஸ்கள் எந்த நேரத்தில் கிளம்பின என்பது இன்றுவரை யாருக்கும் தெரியாது.

மூன்று வாரத்தில் ரிசல்ட் வந்தது. மகளுக்கு 158. ஆற்றங்கரையில் கடைசி சீட்டும் 158. கடைசியில் நின்ற அந்த ஒரு சீட்டு எங்கள் மாடிக்குத்தான் வந்தது. மகள் மாடிப்படியில் அழுதுகொண்டே சிரித்தாள். எனக்கும் கண் கலங்கிவிட்டது. தசமம் மட்டும் கையைத் தூக்கிக்கொண்டு ஒவ்வொரு கதவாகத் தட்டினார்.

"நான் சொன்னேனா இல்லையா? ஒண்ணு ஏறும்னு சொன்னேனா இல்லையா?"

சொன்னார். அதை யாரும் மறுக்க முடியாது. இப்போது ஃபிரிட்ஜில் புது ஷீட் தொங்குகிறது. தலைப்பில் 133.0. அது தசமத்தின் சொந்த சராசரி. இந்தத் தடவை வேறு யார் மார்க்கும் கலக்கவில்லை என்று அடிக்குறிப்பே போட்டிருக்கிறார். சாயங்கால வகுப்பு நடத்தும் ஒரு சட்டக் கல்லூரிக்கு இது போதுமாம், தொட்டும் தொடாமலும். ஞாயிற்றுக்கிழமை விசிலை மகள் ஊதுகிறாள்.

நீங்கள் சிரிக்கிறீர்கள். நல்லது. ஒன்றே ஒன்று கேட்கிறேன். மேலே ஐந்து மார்க் சொன்னேனே, அங்கேயே நின்று கூட்டி, ஐந்தால் வகுத்துப் பார்த்தீர்களா? பார்த்திருந்தால் சட்டைப் பையைத் தடவுங்கள், காகிதம் தட்டுப்படும். பார்க்காமல், நூற்று நாற்பத்தேழு என்றதும் என்னோடு சேர்ந்து தலையாட்டினீர்களா? அது இன்னும் ஆபத்து. அந்தக் கோட்டை அவர் ஸ்கேல் வைத்துப் போட்டபோது ஸ்கேலின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டவர்கள் நாம்தான்.

என்னைப் பற்றிக் கவலை வேண்டாம். எனக்கு அந்தப் பழக்கமே கிடையாது. என் மகள் மூன்றாம் வகுப்புதான். சொல்வதெழுதுதலில் போன வாரம் பதினெட்டு, இந்த வாரம் பதினேழு. அடுத்த வாரம் ஒன்று ஏறும்.

அது கிடக்கட்டும். உங்கள் வீட்டுப் பிள்ளை எவ்வளவு?