கையெழுத்துப் போடாமல் யாரும் தப்பக் கூடாது

அன்பும் பொறுமையும் ஒருங்கே அமைந்த மாப்பிள்ளை அவர்களுக்கு மாமனார் எழுதிக்கொள்வது. (அன்பு உங்களிடம் இருப்பது தெரியும். பொறுமை, இதைப் படித்து முடிக்கிற வரைக்குமாவது இருக்கட்டும் என்று நானாகச் சேர்த்தது.) இவ்விடம் நானும் உங்கள் அத்தையும் நலம். உங்கள் அத்தை மட்டும் சென்ற வாரம் பிற்பகல் மூன்றே முக்கால் மணிக்கு வெள்ளத்தில் போய்விட்டாள். அது ஒத்திகை என்பதால் இப்போது நலம். உங்கள் நலமும் என் மகள் நலமும் அறிய ஆவல்.

போன மழைக்கு ஆற்றுத் தண்ணீர் நம் வீட்டுப் பின்பக்கப் படியில் மூன்றை ஏறி, நான்காவது படியில் விருந்தாளி மாதிரி நின்று எட்டிப் பார்த்துவிட்டுப் போனதிலிருந்து, என் மகள் "கிளம்பி இங்க வந்துடுங்கப்பா" என்று நச்சரிப்பது உங்களுக்குத் தெரியும். நானும் உங்களுக்குப் பெரிய மனுஷத்தனமாக ஒரு கடிதம் எழுதினேன், "இந்த ஊருக்கு முறையான வெள்ளத் திட்டம் வரப்போகிறது, குழுவுக்குத் தலைவர் நான், திட்டம் தேறிவிட்டால் நாங்கள் இங்கேயே இருப்போம், தேறாவிட்டால் மூட்டை கட்டிக்கொண்டு வந்துவிடுவோம், இது ஆண்பிள்ளை வார்த்தை" என்று. அந்தக் கடிதத்தை நீங்கள் பத்திரமாக வைத்திருப்பீர்கள். தயவுசெய்து கிழித்துவிடுங்கள்.

பத்திரப் பதிவு அலுவலகத்தில் முப்பத்தொரு வருஷம் எழுத்தராகக் குப்பை கொட்டியவனிடம் ஊர் உயிரைக் காப்பாற்றும் பொறுப்பைக் கொடுக்கலாமா என்று யாரும் யோசிக்கவில்லை, நானும் யோசிக்கவில்லை, ஆழம் தெரியாமல் காலை விட்டுவிட்டேன். திட்டத்தை நாற்பத்தாறு பக்கத்துக்கு எழுதினேன். 'மேற்படி ஆறானது பெருக்கெடுக்கும் பட்சத்தில்' என்று ஆரம்பித்து, ஆற்றுக்கு நான்கு எல்லையும் குறித்து, பக்கத்துக்குப் பக்கம் முத்திரை குத்தியிருந்தேன். குழுவின் துணைத் தலைவரான சலூன்காரர் அதைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "ஐயா, ஆறு இதுல எந்த இடத்துல கையெழுத்துப் போடணும்?" என்று கேட்டார். அது கிண்டல் என்று எனக்கு அப்போது உறைக்கவில்லை. நல்ல கேள்வி என்று நினைத்து வீட்டுக்கு வந்து கொஞ்ச நேரம் யோசித்தேன் மாப்பிள்ளை, அதுதான் வெட்கம்.

ஒத்திகையை மேற்பார்வை பார்க்க ஒரு பெண் அதிகாரி வந்திருந்தார். என் மகள் வயதுதான் இருக்கும். கழுத்தில் ஒரு நிறுத்தற்கடிகாரம், கையில் ஒரு நீலச் சாக்பீஸ், அவ்வளவுதான். மேலே அணையைத் திறந்தால் நாற்பது நிமிஷத்தில் தண்ணீர் இங்கே வந்துவிடும், அதற்குள் அறுபத்து மூன்று வீட்டு ஜனமும், மொத்தம் இருநூற்றுப் பன்னிரண்டு பேர், மாடி உள்ள ஒரே கட்டடமான பள்ளிக்கூடத்தின் மேல்தளத்துக்கு ஏறிவிட வேண்டும், இதுதான் கணக்கு. சரியாக மூன்று மணிக்குப் பால் வண்டிக்காரர் மூன்று முறை நீளமாக ஹாரன் அடித்தார். அதுதான் அபாய அறிவிப்பு. அவர் தினமும் பால் ஊற்ற வரும்போதும் மூன்று முறைதான் அடிப்பார். எல்லாருக்கும் பழகிய சத்தமாக இருந்தால் உடனே வெளியே வருவார்கள் என்று அதைத் தேர்ந்தெடுத்தது அடியேன். உடனேதான் வந்தார்கள், கையில் பால் கேனோடு. வந்தவர்களைப் பார்த்ததும் பால் வண்டிக்காரருக்கும் கை சும்மா இருக்கவில்லை, நாலைந்து பேருக்கு அளந்துவிட்டார். "யோவ், வெள்ளம்யா!" என்று நான் கத்தினேன். "இதோ முடிஞ்சிருச்சுங்க, ரெண்டே வீடு" என்றார். ஆறு நிமிஷம் அதில் போயிற்று.

ஆனாலும் ஊர் ஜனத்தைக் குறை சொல்லக் கூடாது. குழந்தை குட்டி, ஆடு, ரேடியோ, ஒரு தையல் இயந்திரம் சகிதமாக இருநூற்றுப் பன்னிரண்டு பேரும் மூன்று இருபத்தைந்துக்குப் பள்ளிக்கூட முற்றத்தில் கூடிவிட்டார்கள். இன்னும் பதினைந்து நிமிஷம் கையில் இருந்தது. மாடிப்படி ஏற வேண்டியதுதான் பாக்கி. அங்கேதான் மாப்பிள்ளை, படிக்கட்டின் வாயை அடைத்தாற்போல் ஒரு மேசையைப் போட்டுக்கொண்டு நான் உட்கார்ந்திருந்தேன்.

மேசைமேல் வருகைப் பதிவேடு. கதவு எண், குடும்பத் தலைவர் பெயர், தகப்பனார் பெயர், உடன் வந்தோர் எண்ணிக்கை, கொண்டு வந்த பொருள்கள், வந்த நேரம், கையெழுத்து. கையெழுத்துத் தெரியாதவர்களுக்கு மைப்பெட்டி, விரல் துடைக்கத் துணி. அதோடு விட்டேனா? இன்னார்தான் இன்னார் என்பதற்கு ஒவ்வொரு குடும்பத்துக்கும் இரண்டு சாட்சிகள். கையெழுத்துப் போடாமல் யாரும் தப்பக் கூடாது என்று திட்டத்தின் முப்பத்தெட்டாம் பக்கத்தில் அடிக்கோடிட்டு எழுதியிருந்தேன். தையற்கார அம்மாவுக்குச் சாட்சியாகச் சலூன்காரர் வந்தார். "அவங்க யாருன்னு உமக்கு எத்தனை வருஷமாத் தெரியும்?" என்று வாய் தவறிக் கேட்டும்விட்டேன். பழக்க தோஷம். "பொறந்ததுலேருந்து. எங்க அக்காங்க" என்றார். நெருங்கிய உறவினர் சாட்சி செல்லாது என்று அவரை விலக்கிவிட்டு வேறு ஆளைத் தேடச் சொன்னேன்.

உங்கள் அத்தை என்னமோ முதல் ஆளாகத்தான் வந்தாள். அந்த மூட்டு வலியோடு, கம்பை ஊன்றிக்கொண்டு, எல்லாருக்கும் முந்தி வந்து மேசை முன்னால் நின்றாள். தலைவர் வீட்டு ஆள் முதலில் ஏறினால் ஊர் நாக்கு சும்மா இருக்குமா? "நீ கடைசியில போய் நில்லு" என்று சொல்லிவிட்டேன். என்னை ஒரு பார்வை பார்த்தாள். வரிசையின் வாலில் போய் நின்றாள். அங்கிருந்து ஒரே ஒரு தடவை, "ஏங்க, அந்த மேசைய நகத்தினா எல்லாரும் ஏறிடலாமே" என்று குரல் கொடுத்தாள். "முறைன்னு ஒண்ணு இருக்குல்ல" என்று நான் பதில் குரல் கொடுத்தேன்.

நாற்பது நிமிஷம் ஆனதும் அதிகாரியம்மா கடிகாரத்தை நிறுத்தினார். ஐந்து குடும்பம் மேலே போயிருந்தது. ஆறாவது குடும்பம் விரலைத் துடைத்துக்கொண்டிருந்தது. அவர் பள்ளிக்கூடச் சுவரில் முழங்கால் உயரத்துக்கு ஒரு நீலக்கோடு போட்டார், பிறகு இடுப்புக்கு, பிறகு மார்புக்கு. பிறகு வரிசையின் கடைசியிலிருந்து ஒவ்வொருவர் புறங்கையிலும் ஒரு கோடு. கோடு வாங்கியவர்கள் போய்ச் சேர்ந்தவர்கள் என்று அர்த்தம். "தலைக்கு மேல வெள்ளம் போனா சாண் என்ன முழம் என்ன, நல்லாத் தடிமனாவே போடும்மா" என்று சலூன்காரர் கையை நீட்டினார். எல்லாரும் சிரித்தார்கள். நானும் அசட்டுத்தனமாகச் சிரித்தேன். முதல் கோடு யாருக்கு என்று அப்புறம்தான் பார்த்தேன். உங்கள் அத்தை கோடு போட்ட கையோடு மெல்ல நடந்து மேசைக்கு வந்து, "நான் செத்துட்டேனாம்ங்க. வீட்டுக்குப் போய் அடுப்பப் பத்த வைக்கட்டுமா, இல்ல இங்கயே கிடக்கணுமா?" என்று கேட்டாள். சாதாரணமாகத்தான் கேட்டாள். எனக்கு உயிரே போய்விட்டது மாப்பிள்ளை. பள்ளிக்கூட வாசலில், மாடிப்படிக்குப் பத்தடி தூரத்தில், நானே நிறுத்திவைத்துக் கொன்றிருக்கிறேன். அன்று முழுக்க அவள் கையைக் கழுவவில்லை. வேலை மும்முரத்தில் மறந்துவிட்டாளா, எனக்குக் காட்டவா என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை.

ஆகவே சொன்ன சொல் தவற மாட்டேன். தலைவர் பதவியிலிருந்து விலகுவதாக மூன்று பக்கத்தில் எழுதிவைத்துவிட்டேன். நாங்கள் அங்கே வந்துவிடுகிறோம். பெட்டிகளும் இஸ்திரி மேசையும் கிடக்கிற அந்தப் பின்னறையை ஒழித்துவைத்தால் போதும், எங்களுக்கு வேறொன்றும் வேண்டாம். உங்கள் வீடு மூன்றாவது மாடி என்பதே எனக்கு இப்போது பெரிய ஆறுதல். உங்கள் அத்தைக்குப் படி ஏறத்தான் கஷ்டம், அதை மெல்லப் பழக்கிக்கொள்ளலாம். அவளிடம் இன்னும் சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமை ஒரு வண்டி ஏற்பாடு செய்துகொண்டு வாருங்கள்.

நீங்களும் என் மகளும் நீண்ட ஆயுளோடும், மேடான இடத்திலும் வாழ மனமார வாழ்த்துகிறேன்.

இப்படிக்கு,
உங்கள் மாமனார்
(சாட்சிகள் இல்லை)

பின்குறிப்பு: வண்டி வேண்டாம். உறையை ஒட்டப் பசை தேடிக்கொண்டிருந்தபோது ஹாரன் கேட்டது. அதிகாரியம்மா சொல்லாமல் கொள்ளாமல் இரண்டாவது ஒத்திகைக்கு வந்துவிட்டார். இந்தத் தடவை பால் வண்டிக்காரர் விடாமல் ஒரே மூச்சாக அடித்தார், அது உங்கள் அத்தை அவரிடம் சொல்லிவைத்திருந்ததாம். நான் பதிவேட்டை அக்குளில் இடுக்கிக்கொண்டு ஓடுவதற்குள் அவள் படிக்கட்டு வாயில் நின்று மேசையைச் சலூன்காரர் கையால் முற்றத்தில் எறிய வைத்துவிட்டாள். "ஏறுங்க, ஏறுங்க, பக்கத்து வீட்டுக்காரங்க வந்துட்டாங்களான்னு மட்டும் மேல போய்ப் பாத்துக்குங்க" என்றாள். இருபத்தாறு நிமிஷத்தில் இருநூற்றுப் பன்னிரண்டு பேரும் மேலே. நீலச் சாக்பீஸை அதிகாரியம்மா பையிலிருந்து எடுக்கவே இல்லை. அங்கேயே ஊர் ஜனம் கையைத் தூக்கி அவளைத் தலைவி ஆக்கிவிட்டார்கள். என் மூன்று பக்க விலகல் கடிதத்தை யாரும் படிக்கச் சொல்லவில்லை.

கிளம்புகிற விஷயத்தை அப்புறம்தான் அவளிடம் சொன்னேன். ஊரை விட்டு வருவதற்கில்லையாம். உங்கள் வீட்டுக்கு அவளே போன் போட்டுச் சொல்லிவிட்டாள். "அம்மாவா தலைவி? அப்பச் சரி, அங்கயே இருங்க" என்றாளாம் என் மகள். நான் நாற்பத்தாறு பக்கம் அனுப்பியது இதே மகளுக்குத்தான்.

அவள் குழுவில் எனக்கும் ஒரு வேலை உண்டு. ஹாரன் கேட்டதும் அவள் கையைப் பிடித்துக்கொண்டு பள்ளிக்கூட மாடிக்கு நடத்திக் கூட்டிப்போக வேண்டும், வேறெதுவும் செய்யக் கூடாது. அதை ஒரு தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிடட்டுமா என்று பேனாவை எடுத்தேன். "அந்தப் பேனாவ மொதல்ல கீழ வைங்க. என் கையப் பிடிக்க வேண்டாமா?" என்றாள்.