வாழைக்குச் சொன்னதை எனக்கும் சொன்னாய்

அன்புள்ள மருமகள் வைத்தியர் ஆரபிக்கு,

நீர்வேலியிலிருந்து உன் சின்னமாமா எழுதுவது. முருகன் அருளால் நான் சுகமாக இருக்கிறேன். இப்போது அதுதான் பிரச்சினை. தொலைபேசியில் சொன்னால் சிரிக்கிறாய், ஆகையால் எழுதுகிறேன். கோபமாக வாசி.

போன கிழமை காய்ச்சலோடு உன்னிடம் வந்தேன். இரத்தம் பார்த்தாய். "டெங்கு இல்லை மாமா, பக்டீரியாவும் இல்லை. இது வைரஸ். இதுக்கு மருந்தில்லை, வீட்டை போய்ப் படுத்திருங்கோ" என்றுவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டாய். பிள்ளை, நான் வாழை வைத்துச் சீவிப்பவன். போன மாரியில் என் கதலி வாழைகளெல்லாம் குருத்துக் குறுகி, இலை கொத்தாக நின்றபோது விவசாயப் போதனாசிரியரும் வந்து பார்த்துவிட்டு, "ஐயா, இது வைரஸ். இதுக்கு மருந்தில்லை" என்றுதான் சொன்னார். அடுத்த நாளே அத்தனையையும் கிழங்கோடு கிண்டி எரித்தோம். அதையே நீ எனக்கும் சொன்னால் நான் என்னவென்று எடுப்பது?

வீட்டுக்கு வந்து கட்டிலில் விழுந்தேன். உன் மாமி செல்வநாயகி கொத்தமல்லி அவித்துத் தந்தாள். அவளுக்கு உண்மையைச் சொல்ல மனம் வரவில்லை. சாகிற நேரத்தில் பகை வேண்டாமென்று, பங்குக் கிணற்றில் விடிகாலை இறைப்பு யாருக்கு என்ற தகராறில் வருடக்கணக்காக என்னோடு கதையாத உன் பெரியமாமா மார்க்கண்டு அண்ணையைக் கூப்பிட்டேன். "அண்ணை, இனி விடியக்காலமை முறை உங்களுக்குத்தான். எனக்கு இனி என்னத்துக்கு" என்றேன். கட்டிப்பிடித்து அழுதார். நானும் அழுதேன். அழுதுகொண்டே சரியென்றார்.

நாலாம் நாள் காய்ச்சல் விட்டது, பசித்தது. உன்னைக் கேட்டால், "உடம்பே சண்டை பிடிச்சு வைரசைக் கொல்லும் மாமா, அந்தச் சண்டைதான் காய்ச்சல். ரத்தத்திலை வெள்ளை அணுக்கள் இருக்கு. அன்ரிபயோட்டிக் பக்டீரியாவுக்குத்தான்" என்று இப்போது பாடம் நடத்துகிறாய். எனக்குள்ளே இப்படியொரு பட்டாளம் நிற்பதை முதலே சொல்ல உனக்கு என்ன வந்தது? வாழைக்கு வெள்ளை அணு இல்லை, மாமாவுக்கு இருக்கிறது என்று ஒரு வசனம் சொல்லியிருந்தால் என் விடிகாலை என்னிடமே இருந்திருக்கும். இப்போது அண்ணை குளிர்ச்சியில் இறைத்துவிட்டுப் போய் வெற்றிலை போடுகிறார், நான் உச்சி வெயிலில் இறைத்துக் காய்கிறேன். கொடுத்ததைத் திருப்பிக் கேட்க, நான் சாகவில்லை என்பதைத் தவிர வேறு காரணமில்லை. அதை இந்த ஊரில் ஒருவரும் காரணமாக எடுக்கிறார்களில்லை.

ஆகவே நீ உடனே வந்து, காய்ச்சலில் புத்தி தடுமாறிச் சொன்னது செல்லாது என்று வைத்தியர் என்ற முறையில் அண்ணைக்குச் சொல்லவேண்டும். இல்லாவிட்டால் எங்கள் வீட்டு வாசல் படலைப் பக்கம் வராதே.

அம்மாவுக்கு என் அன்பு. நீ நேரத்துக்குச் சாப்பிட்டு, நோயாளிகளோடு இன்னும் இரண்டு வசனம் கதைத்து, நீடூழி வாழ முருகன் துணை நிற்க.

இப்படிக்கு,
கோபமுள்ள மாமா
தில்லையம்பலம்

பி.கு.: கடிதத்தை மடிக்கும்போது மாமி வந்து சொன்னாள், அண்ணைக்கு உடம்பு நெருப்பாய்க் காய்கிறதாம். ஓடிப்போய்ப் பார்த்தேன். என்னிடமிருந்துதான் தொற்றியிருக்கும். பிள்ளைகளெல்லாம் கனடாவில், மனுசன் தனியாகக் கிடக்கிறார். என் கையைப் பிடித்து, "தம்பி, இனிக் கிணறு முழுக்க உனக்குத்தான்" என்றார். வெள்ளை அணுவைப் பற்றி நான் எவ்வளவு சொல்லியும் நம்புகிறாரில்லை. தண்ணீர் முறைக் கதையை விடு, அது அவரிடமே இருக்கட்டும். இதைத் தபாலில் போடாமல் ஆள் கையிலேயே கொடுத்தனுப்புகிறேன், பின்னேரமே வா. வந்து என்ன சொன்னாலும் மருந்தில்லை என்று மட்டும் சொல்லிப்போடாதே பிள்ளை. எனக்கு இருக்கிறது ஒரேயொரு அண்ணை.